வாசகர் கேள்வி பதில்: பிளாஸ்மா வெட்டு தின்னும் அளவு

இம்மாதம் வந்த கடிதங்களில் பிளாஸ்மா வெட்டுதல் தொடர்பானவற்றை மட்டும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்திருந்தாலும், வரைபடத்தில் இருக்கும் அளவு இரும்பில் ஏன் வருவதில்லை என்பதே எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி. ஆகவே முதல் கடிதத்துக்கு விரிவாக எழுதிவிட்டு, மற்றவற்றில் அதைத் தொட்டுச் செல்கிறேன்.

கேள்வி: ஐயா, பேட்டையில் சிறிய பட்டறை நடத்துகிறேன். கம்பங்களுக்கான அடித்தட்டு செய்வதற்காக 6 மி.மீ. பிளேட்டில் 200 மி.மீ. சதுரமும், மூலைகளில் 150 மி.மீ. இடைவெளியில் 14 மி.மீ. துளைகள் நான்கும் இங்க்ஸ்கேப் என்ற வரைபட மென்பொருளில் வரைந்து வெட்டினேன். சதுரம் 198.4 மி.மீ. வந்தது, துளைகள் 15.6 மி.மீ. ஆகிவிட்டன. வரைபடத்தைச் சற்றுப் பெரிதாக்கும்படி ஒருவர் சொன்னார். அப்படிச் செய்ததில் சதுரம் சரியானது, ஆனால் துளைகள் அடியில் பதித்த போல்ட் கம்பிகளோடு பொருந்தவில்லை. எங்கே தவறு?

— ஒரு வாசகர், பேட்டை

பதில்: உங்கள் இயந்திரத்தில் தவறில்லை. நீங்கள் தந்திருக்கும் இரண்டு அளவுகளும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றன: சதுரம் 1.6 மி.மீ. குறைந்திருக்கிறது, துளை அதே 1.6 மி.மீ. கூடியிருக்கிறது. பிளாஸ்மா வில், அதாவது மின்சாரத்தால் கடுஞ்சூடேறிப் பாயும் காற்றுச் சுடர், இரும்பில் ஓடும்போது ஒரு கோட்டை வெட்டுவதில்லை; ஓர் அகலமான தடத்தையே உருக்கி ஊதித் தள்ளுகிறது. அந்தத் தடத்தின் அகலத்தைத்தான் தொழிலில் கெர்ஃப் என்கிறோம். நான் வெட்டு அகலம் என்றே எழுதுகிறேன். மரத்தில் வாள் ஓடித் தூளாகிப் போகும் அளவைத் தச்சர் முன்கூட்டியே கழித்துக்கொள்வது போன்ற கணக்குதான் இது. ஆனால் வாளின் அகலம் மாறாது, பிளாஸ்மாவின் அகலம் மாறும்.

இந்தச் சுடரை உமிழும் டார்ச்சின் மையம் நீங்கள் வரைந்த கோட்டின் மேலேயே சென்றால், தடத்தில் பாதி கோட்டுக்கு உள்ளேயும் பாதி வெளியேயும் விழும். சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் 0.8 மி.மீ. உள்ளே தின்றதால் மொத்தம் 1.6 மி.மீ. குறைந்தது, துளையின் சுவரில் சுற்றிலும் 0.8 மி.மீ. தின்றதால் விட்டம் 1.6 மி.மீ. கூடியது. வெளிக்கோடும் உட்கோடும் எதிரெதிர்த் திசையில் பிழைப்பதைக் கவனியுங்கள். வரைபடம் முழுவதையும் பெரிதாக்கும் யோசனை உதவாமற்போனது இதனால்தான். 200 மி.மீ. சதுரம் சரியாக வருவதற்கு நீங்கள் 0.8 சதவீதம் பெரிதாக்கியிருக்க வேண்டும். அப்போது 150 மி.மீ. இருந்த துளை இடைவெளி 151.2 மி.மீ. ஆகிவிடும், துளையும் 15.7 மி.மீ. வரை போகும். துளை மையங்களுக்கு இடையிலான தூரத்தை வெட்டு அகலம் ஒருபோதும் மாற்றுவதில்லை. முதல் வெட்டில் சரியாக இருந்த அந்த ஓர் அளவைத்தான் பெரிதாக்குதல் கெடுத்துவிட்டது. வெட்டு அகலம் 50 மி.மீ. துண்டிலும் 2 மீட்டர் துண்டிலும் ஒரே அளவுதான் தின்னும். சதவீதத்தால் அதைச் சரிசெய்ய இயலாது.

செய்ய வேண்டியது, கோட்டுக்கு இணையாக டார்ச்சின் பாதையைப் பாதி வெட்டு அகலம் தள்ளி வைப்பது. வெளிக்கோட்டில் வெளிப்புறமாகவும், துளையில் உட்புறமாகவும் தள்ள வேண்டும். உங்கள் தட்டில் சதுரத்தின் பாதை 201.6 மி.மீ. ஆகவும் துளையின் பாதை 12.4 மி.மீ. விட்டமாகவும் ஓடினால், கையில் வருவது 200 மி.மீ. சதுரமும் 14 மி.மீ. துளையும்.

இதை மூன்று இடங்களில் செய்ய முடியும்: வரைபடத்திலேயே கோட்டை நகர்த்தி வரையலாம், ஷீட்கேம் போன்ற பாதை தயாரிக்கும் மென்பொருளில் வெட்டு அகலத்தைக் கொடுத்து வெளிப்பக்கம், உட்பக்கம் என்று குறிக்கலாம், அல்லது இயந்திரத்தின் கட்டுப்பாட்டுக் கருவியில் ஜி41, ஜி42 கட்டளைகளால் பாதையின் இடப்புறமோ வலப்புறமோ தள்ளச் சொல்லலாம். மூன்றில் ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தொழில் தொடங்கிய நாட்களில் நான் வரைபடத்தில் ஒருமுறையும் மென்பொருளில் மறுமுறையும் கழித்து, உங்களுடையதைப் போன்ற அடித்தட்டுகள் நாற்பதை வெட்டி அனுப்பிவிட்டேன். 14 மி.மீ. இருக்க வேண்டிய துளை மேற்பரப்பில் 12.4 மி.மீ.; அடிப்பரப்பில் அதனினும் குறுகல். 12 மி.மீ. போல்ட் ஒன்றுகூட இறங்கவில்லை. நாற்பது தட்டுகளிலும் துளைகளைத் துரப்பணத்தில் மறுபடி திறக்க வேண்டியதாயிற்று.

என் முடிவான கருத்து, வரைபடத்தைத் தொடவே கூடாது என்பது. வரைபடம் உங்களுக்கு வேண்டிய பொருளின் உண்மை அளவைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு, அந்த நாசிலில் (டார்ச்சின் நுனியில் சுடர் வெளிவரும் துளையுள்ள முனை), அந்தப் பிளேட்டில் எவ்வளவு தின்னும் என்பது இயந்திரத்தின் கணக்கு. இன்று பிளாஸ்மாவில் வெட்டும் அதே தட்டை நாளை லேசரில் வெட்டக் கொடுத்தால், அங்கே வெட்டு அகலம் ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதிதான். 1.6 மி.மீ. கழித்து வரைந்த கோப்பு அங்கே முழுவதும் பிழையாகும்.

அந்த 1.6 என்ற எண்ணையும் நம்பி உட்கார வேண்டாம், நீங்களே அளந்துகொள்ளுங்கள். வெட்டப் போகும் அதே பிளேட்டின் ஓரத்தில், எந்தத் தள்ளலும் இல்லாமல் கோட்டின் மேலேயே, 50 மி.மீ. சதுரம் ஒன்றை வெட்டுங்கள். விழுந்த துண்டையும் அது விழுந்த சன்னலையும் பிசிறு தட்டி, துளையிட்டுத் தொடங்கிய மூலையைத் தவிர்த்துப் பக்கங்களின் நடுவில் வெர்னியரால் அளவெடுங்கள். சன்னல் 51.5, துண்டு 48.3 என்று வந்தால், வித்தியாசம் 3.2, அதில் பாதியான 1.6 உங்கள் வெட்டு அகலம். துண்டை மட்டும் அளந்தால் இயந்திரத்தின் நகர்வுப் பிழையும் கணக்கில் கலந்துவிடும். இரண்டையும் அளந்தால் அது தானே கழிந்துவிடும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 49.9 வருகிறது அல்லவா, அது உங்கள் இயந்திரம் 50 மி.மீ. என்று சொல்லி உண்மையில் நகர்ந்த தூரம். இந்த 0.1 மி.மீ. உண்மையான குறைதானா என்பதை ஒரு மீட்டர் நகர்த்தி அளந்து உறுதிசெய்யுங்கள். உண்மையாயின் ஒரு மீட்டரில் அது 2 மி.மீ. ஆகத் தெரியும், அதைக் கட்டுப்பாட்டுக் கருவியின் அச்சு அமைப்பில் திருத்த வேண்டுமேயன்றி, வெட்டு அகலத்தைக் கூட்டிக் குறைத்து மறைக்கக் கூடாது.

பாதை ஓடும் திசையும் முக்கியம். டார்ச்சுக்குள் காற்று சுழன்று வருவதால், வழக்கமான டார்ச்சுகளில் பயணத் திசைக்கு வலப்புறம் உள்ள விளிம்பு நேராகவும் இடப்புறம் உள்ளது சரிவாகவும் அமையும். நெல்லையப்பர் கோயில் பிரகாரத்தில் வலம் வரும்போது சன்னிதி நம் வலக்கைப் பக்கம் இருப்பதைப் போல, வெளிக்கோட்டை வலஞ்சுழியாக வெட்டினால் நமக்கு வேண்டிய துண்டு வலப்புறம் நிற்கும். துளைக்கு அது மாறும்: உள்ளே விழுவது கழிவு, வேண்டியது சுற்றுச் சுவர், ஆகவே இடஞ்சுழியாக ஓட வேண்டும். இரண்டிலும் டார்ச் நம் கோட்டுக்கு இடப்புறமே செல்வதால், கட்டளை இரண்டுக்கும் ஜி41 தான். வரைபடத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பினால் இந்தத் திசையும் திரும்பிவிடக்கூடும். திருப்பிய பிறகு ஒருமுறை சரிபாருங்கள்.

கேள்வி: வணக்கம் ஐயா. சேரன்மகாதேவியில் வீட்டிலிருந்தபடியே கேட் கடைகளுக்குப் பெயர்ப்பலகை, சன்னல் ஜாலி ஆகியவற்றின் வடிவங்களை வரைந்து கொடுக்கிறேன். திரையில் அழகாகத் தெரியும் தமிழ் எழுத்துகள் வெட்டியபின் சிதைகின்றன: ‘ண’வின் சுழி காணாமற்போகிறது, ‘ம’வின் நடுப்பகுதி விழுந்துவிடுகிறது. சிக்குக் கோலத்தை ஜாலியாக வரைந்தேன். மெல்லிய இடங்கள் உடைந்துவிட்டன. எங்கே எவ்வளவு விட வேண்டும்?

— ஒரு வாசகி, சேரன்மகாதேவி

பதில்: அம்மா, உங்கள் கேள்வி என்னை மிகவும் மகிழ்வித்தது. ஆங்கில எழுத்துகளுக்கென்று துண்டு விழாத எழுத்துருக்கள் எளிதாகக் கிடைக்கின்றன; தமிழ் எழுத்தின் வளைவுகளை இரும்புக்கு ஏற்ப எண்ணிப் பார்த்து வரைகிறவர்கள் குறைவு.

முதலில், பலகையில் எழுத்து எப்படி நிற்கப் போகிறது என்பதைத் தீர்மானியுங்கள். எழுத்து காலியிடமாகத் தெரியும்படி பிளேட்டில் குடைந்தெடுப்பது ஒரு வகை. எழுத்தே இரும்பாக நிற்கும்படி சுற்றியுள்ளதை நீக்குவது மற்றொரு வகை. ‘இல்லம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். குடைந்தெடுத்தால், ‘ம’வின் நடுவே அடைபட்டிருக்கும் பகுதி எதனோடும் ஒட்டாத தீவாகிக் கீழே விழும், மேலே உள்ள புள்ளிகளோ வெறும் துளைகளாகத் தொல்லையின்றி அமையும். எழுத்தையே நிற்கவைத்தால், ‘ம’வின் நடு வெறும் துளையாகிவிடும்; புள்ளிகள்தாம் எதனோடும் ஒட்டாமல் விழும். ஒன்றில் ‘ம’வுக்குப் பாலம் வேண்டும், மற்றொன்றில் புள்ளிக்குத் தண்டு வேண்டும். வ, ண, ன போன்ற எழுத்துகளின் சுழிகளையும் ஈகாரக் குறியின் வளையத்தையும் எழுத்துரு மூடியே வரைந்திருந்தால் அவற்றுக்கும் இதே விதி. சுழியை முழுவதும் மூடாமல் சற்றே திறந்து விடுவது பாலம் வைப்பதைவிட அழகாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். ஓலையில் எழுதிய கை அங்கே ஒரு நொடி நின்றதைப் போலத் தெரியும்.

சுழி காணாமற்போவதற்குக் காரணம் வேறு. சுழியின் உள்வெளி 1.5 மி.மீ. விட்டமே இருந்து வெட்டு அகலம் 1.6 மி.மீ. ஆனால், பாதையை உள்ளே தள்ள இடமே இல்லை. மென்பொருள் அந்தக் கோட்டை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் விட்டுவிடக்கூடும். இடம் இருந்தாலும், தொடக்கத்தில் பிளேட்டைத் துளைக்கும் குழி வெட்டுத் தடத்தைவிட அகலமானது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 3 மி.மீ. பிளேட்டில் உள்வெளி 5 மி.மீ.க்குக் குறையாத எழுத்து அளவைத் தேர்ந்துகொள்ளுங்கள். எழுத்தின் நெட்டுக்கோடு 6 மி.மீ. அகலம் என்றால், தள்ளல் இல்லாமல் வெட்டும் கடையில் குடைந்தெடுத்த எழுத்து 7.6 மி.மீ. ஆகத் தடிக்கும், நிற்கும் எழுத்து 4.4 மி.மீ. ஆக மெலியும். ஒரே பெயர் இரு கடைகளில் இரு வேறு முகத்தோடு வருவது இதனால்தான்.

பாலங்களின் கணக்கும் இதே. 2 அல்லது 3 மி.மீ. பிளேட்டில் வெட்டியபின் 3 மி.மீ.யாவது மிஞ்ச வேண்டும் என்பது என் பழக்கம். கடைக்காரர் தள்ளல் கொடுத்து வெட்டுவாரானால் 3 மி.மீ. வரைந்தால் 3 மி.மீ. நிற்கும், கோட்டின் மேலேயே வெட்டுவாரானால் இருபுறமும் பாதி பாதி போய் 1.4 மி.மீ.தான் மிஞ்சும், அது வெப்பத்திலேயே வளைந்துவிடும். உங்கள் ஜாலி உடைந்ததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். ஆகவே கோப்பைக் கொடுக்கும்போதே, ‘உண்மை அளவில் வரையப்பட்டது, வெட்டு அகலத்தை நீங்கள் கழிக்கவும்’ என்று எழுதிக் கொடுங்கள்.

சிக்குக் கோலத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நம் பெண்கள் அதைக் கம்பிக் கோலம் என்றும் சொல்வதுண்டு. இரும்பில் வெட்டுவதற்கு அந்தப் பெயரே வழிகாட்டி. வாசலில் மாவால் இழுக்கும் கோட்டுக்கு அகலம் பற்றிய கவலை இல்லை. அதே கோட்டை அப்படியே வெட்டினால் கோலம் முழுவதும் துண்டு துண்டாக உதிரும். கோட்டை 8 மி.மீ. அகலமுள்ள கம்பியாக எண்ணி, இங்க்ஸ்கேப்பில் கோட்டுக்கு அந்தத் தடிமனைக் கொடுத்து, பின் அதை இருகரை உள்ள வடிவமாக மாற்றி, கம்பிகள் ஒன்றையொன்று கடக்கும் இடங்களை ஒரே உருவாக இணைத்துவிடுங்கள். திரையில் தெரியும் தடிமனை இயந்திரம் அறியாது. அது கரையை மட்டுமே பின்பற்றும். புள்ளிகள் கம்பிகளுக்கு நடுவே தீவாக நிற்பதால் அவற்றை விட்டுவிடுவதோ, பிறகு பற்றவைப்பதோ உங்கள் விருப்பம்.

கம்பிகள் கூரிய கோணத்தில் சேரும் இடங்களைக் கண்காணிக்க வேண்டும். டார்ச் தடம் வட்டமானது, 1.6 மி.மீ. தடம் 90 பாகை உள்மூலைக்குள் போகும்போது நுனியில் 0.3 மி.மீ. அளவே வெட்டப்படாமல் நிற்கும், கண்ணுக்கே தெரியாது. 30 பாகை மூலையிலோ டார்ச்சின் மையம் நுனிக்கு 3.1 மி.மீ. முன்பே நின்றுவிடும், 2.3 மி.மீ. இரும்பு அங்கே அடைந்துகொள்ளும். கூரிய மூலைகளை நீங்களே வளைவாக்கி வரைந்துவிட்டால், எது அடைபடும் என்பதை இயந்திரம் முடிவு செய்யாது, நீங்கள் முடிவு செய்வீர்கள். வெளிமூலைகளுக்கு இந்தக் கவலை இல்லை. அவை கூராகவே வரும்.

இன்னும் சில சிறிய குறிப்புகள். எழுத்துகளைப் பாதைகளாக மாற்றிவிட்டே கோப்பை அனுப்புங்கள். கோடுகள் மூடியிருக்க வேண்டும். மூடாத கோட்டுக்கு உள் எது, வெளி எது என்று மென்பொருளுக்குத் தெரியாது. ஒன்றின் மேல் ஒன்றாக இரட்டைக் கோடு இருந்தால் இருமுறை வெட்டி விளிம்பைக் கெடுக்கும். புகைப்படத்திலிருந்து தானாக வரைந்தெடுத்த உருவங்களில் ஆயிரக்கணக்கான கணுக்கள் (கோட்டின் துண்டுகளை இணைக்கும் புள்ளிகள்) இருக்கும். அவற்றைக் குறைக்காவிட்டால் இயந்திரம் தயங்கித் தயங்கி நகரும், தயங்கும் இடத்திலெல்லாம் தடம் அகலும்.

கேள்வி: 100 மி.மீ. என்று வரைந்து வைத்திருந்த பழைய கோப்பு ஒன்றைப் புதிய கணினியில் திறந்து வெட்டினால் 92 மி.மீ. சொச்சம் வருகிறது. வெட்டு அகலம் இவ்வளவு இருக்குமா?

— ஒரு வாசகர், வள்ளியூர்

பதில்: இருக்காது. இங்க்ஸ்கேப்பின் பழைய பதிப்புகள் ஓர் அங்குலத்தை 90 புள்ளிகளாகக் கொண்டிருந்தன. 2017இல் வெளியான 0.92 பதிப்பிலிருந்து அது 96 ஆனது. பழைய கணக்கில் வரைந்த 100 மி.மீ. புதிய கணக்கில் 93.75 மி.மீ. ஆகத் தெரியும், அதில் 1.6 மி.மீ. வெட்டும் போனால் உங்கள் 92 சொச்சம் வந்துவிடுகிறது. இந்த முதல் பிழை மட்டும் சதவீதப் பிழை; ஆகவே கோப்பை 90 இருந்த இடத்தில் 96 ஆகும் விகிதத்தில் பெரிதாக்கித் திருத்தி, அளந்து உறுதிசெய்த பிறகே வெட்டு அகலத்தைக் கொடுங்கள்.

கேள்வி: காலையில் அளந்து கொடுத்த வெட்டு அகலம் மாலையில் பொருந்துவதில்லை. சாரல் காலத்தில் இது இன்னும் மோசம். ஏன்?

— ஒரு வாசகர், தென்காசி

பதில்: வெட்டு அகலம் நாசில் துளையின் விட்டத்தைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இருக்கும் என்பது பட்டறைக் கணக்கு. ஒவ்வொரு முறை வில் பற்றும்போதும் அந்தத் துளை சிறிது தேய்கிறது. தேயத் தேய வட்டம் கெட்டு அகலமும் சரிவும் கூடுகின்றன. சிறு துளைகள் நிறைந்த ஜாலி ஒன்றை வெட்டினால், நேர்கோடுகளே உள்ள பெரிய தட்டை வெட்டுவதைவிட நாசில் விரைவில் தேய்வது இதனால்தான். சாரல் காலத்தில் கம்ப்ரசர் உறிஞ்சும் காற்றிலேயே ஈரம் மிகுதி. அந்த நீர் டார்ச்சுக்குள் சென்றால் எலெக்ட்ரோடும் நாசிலும் சீக்கிரம் அழியும். தொட்டியை நாள்தோறும் வடித்துவிட்டு, டார்ச்சுக்கு முன்னால் ஈரம் பிரிக்கும் வடிகட்டி வையுங்கள்.

டார்ச்சின் உயரம் கூடினாலும், வேகம் குறைந்தாலும் தடம் அகலும். உயரத்தைத் தானே சரிசெய்யும் கருவி உங்களிடம் இருந்தால், சிறு துளைகளில் அதை நிறுத்தி வையுங்கள். துளையில் இயந்திரம் வேகத்தைக் குறைக்கும்போது தடம் அகன்று வில்லின் மின்னழுத்தம் உயரும். டார்ச் மேலே போய்விட்டது என்று கருவி தவறாக எண்ணி, அதைப் பிளேட்டை நோக்கி இறக்கிவிடும். நான் செய்வது, புதிய நாசில் மாட்டியவுடன் 50 மி.மீ. சதுரம் ஒன்றும், நண்பகலில் மற்றொன்றும் வெட்டி, இரண்டு எண்களையும் பிளேட்டின் தடிமனோடு சுண்ணக்கட்டியால் சுவரில் எழுதி வைப்பது. இரண்டுக்கும் 0.3 மி.மீ. வேறுபாடு வந்தால் மென்பொருளில் எண்ணை மாற்றிக்கொண்டிருக்காமல் நாசிலைக் கழற்றிப் பாருங்கள்.

கேள்வி: விவசாயக் கருவிகளுக்காக 6 மி.மீ. பிளேட்டில் நீட்டிய நாக்கும் அது நுழையும் பொருத்துவாயும் வெட்டிச் சேர்க்கிறோம். வெட்டு அகலத்தைச் சரியாகக் கழித்தும் நாக்கு நுழைய மறுக்கிறது.

— ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: நீங்கள் கழித்தது மேற்பரப்பின் அகலத்தை. வெட்டின் சுவர் முழுதும் செங்குத்தாக இராது. 3 பாகை சரிந்தாலே 6 மி.மீ. தடிமனில் ஒவ்வொரு பக்கமும் 0.3 மி.மீ. அடியில் குறுகும். பொருத்துவாயின் அடிப்பரப்பை வெர்னியரால் அளந்து பாருங்கள், அங்கே 5.4 மி.மீ. இருந்தால் 6 மி.மீ. நாக்கு எப்படி நுழையும்? பொருத்துவாயை வரைபடத்தில் 6.8 மி.மீ. ஆக வையுங்கள். இங்கே வரைபடத்தைத் தொடலாம். ஏனெனில் இது வெட்டு அகலத்துக்கான திருத்தம் அன்று, இரண்டு பாகங்கள் சேர்வதற்கு நீங்களே விரும்பி விடும் இடைவெளி. பொருத்துவாயின் நான்கு உள்மூலைகளிலும் 0.8 மி.மீ. ஆர வளைவு நிற்கும் என்பதால், நாக்கின் மூலைகளை அரத்தால் சிறிது தட்டிவிடுங்கள். அல்லது பொருத்துவாயின் நீளத்தை இருபுறமும் ஒரு மில்லிமீட்டர் கூட்டி வரையுங்கள். அடியில் ஒட்டிய கசடையும் நீக்கிய பின்பே பொருத்திப் பாருங்கள். பல நேரங்களில் நாக்கைத் தடுப்பது அதுவாகவே இருக்கும்.